பயணத்தில் எடுத்த பறவைப் படங்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

பயணம் போய் வந்து படங்களைப் பிரித்து அடுக்கும்போது மயில், மீன்கொத்தி, நாரை எல்லாம் சட்டென்று தங்கள் இடத்துக்குப் போய்விடும். கடைசியில் ஒரு குவியல் மிஞ்சும். பழுப்பு நிறத்தில் ஒரு சிறு குருவி, உச்சி வானத்தில் ஒரு பருந்து, சேற்றோரம் நடந்த ஏதோ ஒன்று. பெரும்பாலோர் இவற்றுக்கு ஒத்த படத்தை இணையத்தில் தேடுவார்கள்; அல்லது செயலியில் ஏற்றி, முதலில் வரும் பெயரை எடுத்துக்கொள்வார்கள். படம் தெளிவாக இருந்தால் பெயரும் தெளிவாகக் கிடைத்துவிடும் என்று நம்புவதால்தான் இப்படிச் செய்கிறோம். அந்த நம்பிக்கை பிழையானது. இறகு இறகாக எண்ணக்கூடிய படத்தில் இருக்கும் பறவைக்கும் பெயர் சொல்ல முடியாமல் போவதுண்டு. மங்கலான நிழலுருவை வைத்தே உறுதியாகச் சொல்லிவிட முடிவதும் உண்டு. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், மிஞ்சிய குவியலில் பாதிக்காவது நேர்மையான பெயர் கிடைக்கும்.

பொருத்துவது வேறு, விலக்குவது வேறு

உலகில் ஏறத்தாழ 11,000 பறவையினங்கள் இருக்கின்றன. உங்கள் படத்தில் உள்ளது எதைப் போல இருக்கிறது என்று தேடினால், எதையாவது போல இருக்கத்தான் செய்யும். அனுபவமுள்ளவர்கள் கேட்கும் கேள்வி வேறு. இந்த இடத்தில், இந்த மாதத்தில், இந்த வாழிடத்தில் என்னென்ன பறவைகள் இருக்கக்கூடும்? அவற்றில் எவையெல்லாம் இது இல்லை என்று காட்ட முடியும்? ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து ஒன்று மட்டும் நின்றால் அதுதான் பெயர். இரண்டு நின்றால், அந்தப் படம் அதற்கு மேல் சொல்லாது என்று பொருள்.

ஓர் இனத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும், வெளியே தெரியும் கூறுகளைக் கள அடையாளங்கள் என்பார்கள். கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைக் கோடு, வாலின் வடிவம், கால்களின் நிறம் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் எல்லா அடையாளங்களுக்கும் ஒரே எடை கிடையாது. தெருமுனையில் வருவது உங்கள் மாமாதான் என்று அவர் சட்டையின் நிறத்தை வைத்தா முடிவு செய்கிறீர்கள்? உயரம், தோளின் சரிவு, நடை இவற்றை வைத்துத்தானே? சட்டை நாளைக்கு மாறிவிடும். பறவைக்கும் அப்படித்தான். உடற்கட்டு பெரிதாக மாறாது. இறகின் நிறம் வயதுக்கும் பருவத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் படத்தைப் பார்த்ததும் நம் கண் முதலில் போவதோ நிறத்துக்கு.

இதுவரை பார்த்தது: பெயர் சொல்வது ஒரு கழித்தல் கணக்கு. அந்தக் கணக்கில் நிறத்துக்குக் கடைசி இடம், உடற்கட்டுக்கு முதல் இடம்.

நிறம் ஏன் கைவிடுகிறது

நிறத்தைக் குலைப்பவை நான்கு. வெளிச்சம், இறகின் அமைப்பு, தேய்மானம், வயது.

வெளிச்சத்தில் தொடங்கலாம். அடர்ந்த இலைகளுக்குக் கீழே விழும் ஒளி பச்சை கலந்தது. சாம்பல் நிறப் பறவைகூட அங்கே பச்சை பூசியது போலத் தெரியும். மாலை வெயிலில் வெள்ளை வயிறு வெளிர் மஞ்சளாகிவிடும். கேமராவின் வொயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்று கேமரா செய்யும் ஊகம், தானியங்கியில் இருந்தால் ஒரே பறவை அடுத்தடுத்த இரண்டு படங்களில் இரண்டு நிறமாக வரும். இலைக்குருவிகள் போன்ற சிறு பறவைகளில் மஞ்சள் சாயல் உண்டா இல்லையா என்பதே இனத்தைப் பிரிக்கும் கேள்வியாக இருக்கும்போது இது பெரிய சிக்கல். படத்தில் சாம்பல் நிறக் கல், சிமென்ட் தூண், பட்டுப்போன கிளை எதுவாவது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அதுவே மஞ்சளாகத் தெரிந்தால் பறவையின் மஞ்சளை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, இறகின் அமைப்பு. பறவைகளின் நீல நிறமும் உலோகப் பளபளப்பும் பெரும்பாலும் சாயப்பொருளால் வருவதில்லை. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதாலும் குறுக்கிடுவதாலும் வருகின்றன. இதை அமைப்பு நிறம் என்பார்கள். உலோகப் பளபளப்பு பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. ஊதாத் தேன்சிட்டின் ஆண் நிழலில் கன்னங்கரேலென்று இருக்கும். வெயிலில் திரும்பினால் நீலமும் ஊதாவும் மின்னும். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் அன்னா ஓசனிச்சிட்டின் ஆணுக்குத் தொண்டை பக்கவாட்டில் கறுப்பாகத் தெரியும். உங்களை நோக்கித் திரும்பும் நொடியில் ரோஜாச் சிவப்பாகும். எனவே மினுங்கும் பறவையை ஒரே ஒரு படத்தை வைத்துக் கறுப்பு என்று எழுதிவிடக் கூடாது.

மூன்றாவது தேய்மானம். பறவைகள் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்த்துக்கொள்வதை இறகுதிர்வு என்பார்கள். சிறு பறவைகள் பலவும் ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இறகுகளையும் மாற்றுகின்றன. இரண்டு உதிர்வுகளுக்கு நடுவே வெயிலும் உரசலும் இறகு நுனிகளைத் தின்றுவிடும். மெலனின் என்ற கருமைச் சாயம் இறகுக்கு உறுதி தருகிறது. வெள்ளை நுனிகளில் அது இல்லாததால் அவையே முதலில் தேயும். ஐரோப்பிய மைனாவான காமன் ஸ்டார்லிங்கை இலையுதிர் காலத்தில் பார்த்தால் உடலெங்கும் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். வசந்தத்தில் அதே பறவை அதே இறகுகளோடு பளபளக்கும் கறுப்பாக நிற்கும். இறகு மாறவில்லை, நுனிகள் தேய்ந்துவிட்டன, அவ்வளவுதான். இறக்கையில் வெள்ளைப் பட்டை இல்லை என்பதை வைத்து ஓர் இனத்தை விலக்கும் முன், அந்தப் பட்டை தேய்ந்திருக்கக்கூடிய மாதமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயதும் பாலினமும் கடைசி. பெரிய கடற்காகங்கள் முழு வளர்ச்சி இறகைப் பெற நான்கு ஆண்டு வரை எடுத்துக்கொள்ளும். அதுவரை ஒவ்வோர் ஆண்டும் வேறு தோற்றம். ஆண் வாத்துகள் பலவும் இனப்பெருக்கம் முடிந்ததும் பகட்டான இறகுகளை இழந்து, சில வாரங்களுக்குப் பெட்டை போலவே இருக்கும். கையேட்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஆண் பறவையோடு மட்டும் ஒப்பிடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதே பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக இருக்கும் இளம்பறவைப் படம்தான் பல நேரங்களில் விடை.

தேன்பருந்தைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. அடர் பழுப்பிலிருந்து ஏறத்தாழ வெள்ளை வரை அதற்கு எத்தனையோ வண்ண வடிவங்கள். நிறத்தை வைத்துத் தேடினால் எந்தப் பருந்தின் பக்கத்திலும் போய் நிற்கலாம். புறாவுக்கு இருப்பது போன்ற சிறிய தலையும், முன்னால் நீண்ட மெலிந்த கழுத்தும் மட்டும் எந்த வண்ணத்திலும் மாறுவதில்லை.

சுருக்கமாக: நிறம் தெரிவது ஒரு தகவல், நிறம் தெரியாமல் போவது தகவலே இல்லை. நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் வைத்து எதையும் விலக்காதீர்கள்.

உடற்கட்டைப் படிப்பது

உடற்கட்டு என்றால் உறுப்புகளுக்கு இடையிலான விகிதங்கள். எத்தனை சென்டிமீட்டர் என்று படம் சொல்லாது. எதற்கு எது எத்தனை மடங்கு என்று சொல்லும். அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். இறக்கை நுனி வால் நுனியைத் தொடுகிறதா, தாண்டுகிறதா, உள்ளேயே நிற்கிறதா என்று பாருங்கள். பறக்கும்போது கால்கள் வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

வெள்ளைக் கொக்குகள் இதற்கு மிகச் சிறந்த பாடம். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் அலகு மஞ்சள், சின்னக் கொக்குக்குக் கறுப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்கின் அலகும் கறுத்துவிடும். நடுத்தரக் கொக்கின் அலகும் அப்படியே. கூட்டை விட்டுப் புதிதாக வெளிவந்த உண்ணிக்கொக்குக் குஞ்சின் அலகுகூடக் கருமையாக இருப்பதுண்டு. சின்னக் கொக்கின் மஞ்சள் பாதம் நல்ல அடையாளம்தான், ஆனால் அது சேற்றுக்குள் நின்றால் என்ன செய்வது? இங்கே கைகொடுப்பது வாய்ப்பிளவு, அதாவது மேலலகும் கீழலகும் சேரும் கோடு முகத்துக்குள் போய் முடியும் இடம். பெரிய கொக்கில் அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். இது எந்த மாதத்திலும் மாறாது. முகம் பக்கவாட்டில் தெரியும் ஒரே ஒரு படம் போதும்.

பெரிய கழுகுகளிலும் இதே கோடு உதவுகிறது. ஸ்டெப்பி கழுகுக்கு வாய்ப்பிளவு கண்ணின் பின்விளிம்பு வரை நீளும். பெரிய புள்ளிக் கழுகுக்குக் கண்ணின் நடுப்பகுதியோடு முடியும். பழுப்பு நிறத்தின் அடர்த்தியை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள்.

வாலின் வடிவத்தில் ஒரு பொறி இருக்கிறது. செம்பருந்தின் இளம்பறவை பழுப்பாக இருக்கும், கரும்பருந்து என்று எளிதில் எழுதிவிடுவார்கள். கரும்பருந்தின் வால் நுனி பிளந்திருக்கும், செம்பருந்தின் வால் நுனி வட்டமாக இருக்கும் என்பது விதி. ஆனால் கரும்பருந்து வாலை முழுக்க விரித்தால் பிளவு மறைந்து நுனி நேர்க்கோடாகிவிடும். அந்த ஒரு கணத்தில் எடுத்த படத்தில் பிளவு இல்லை என்பது உண்மை. ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை. அப்போது வாலின் இரண்டு மூலைகளைப் பாருங்கள். கரும்பருந்துக்கு அவை கூராக நிற்கும். செம்பருந்துக்கு விசிறி போல வளைந்து போகும். அடுத்தடுத்து எடுத்த பத்துப் படங்களில் வாலின் எல்லா நிலைகளும் கிடைத்துவிடும். மோசமாக வந்தவை என்று அவற்றை அழிப்பது சாட்சியை அழிப்பதற்குச் சமம்.

சிறு குருவிகளுக்கு இன்னும் நுணுக்கமான அளவு ஒன்று உண்டு. இறக்கையை மடித்து உட்கார்ந்திருக்கும் பறவையின் முதுகோரம், மேலே மூடியிருக்கும் உள்ளிறகுகள் முடிந்த பிறகு, இறக்கையின் வெளிநுனி இறகுகள் வால் பக்கம் நீட்டிக்கொண்டு தெரியும். அந்த நீட்டலை இறக்கை நீட்சி என்று சொல்லலாம். ஐரோப்பாவில் பயணம் செய்பவர்களைக் குழப்பும் சிஃப்சாஃப், வில்லோ வார்ப்ளர் என்ற இரட்டையரை இதைக் கொண்டு பிரிக்கலாம். மூடியிருக்கும் உள்ளிறகுகளின் நீளத்தோடு ஒப்பிட்டால் சிஃப்சாஃபின் நீட்சி ஏறத்தாழ பாதி. வில்லோ வார்ப்ளருக்கு முக்கால் பங்கிலிருந்து முழு நீளம் வரை. காரணம் அவற்றின் பயணத்தில் இருக்கிறது. வில்லோ வார்ப்ளர் சகாராப் பாலைவனத்தைத் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது. தொலைதூரம் பறப்பவற்றுக்கு நீண்ட, கூரான இறக்கை தேவை. காரணம் தெரிந்துவிட்டால் அடையாளம் மனதில் தங்கிவிடும். இந்த விகிதத்தை அளக்கப் பறவை சரியாகப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். சற்றே திரும்பியிருந்தாலும் நீட்சி குறுகித் தெரியும்.

முகக் கோடுகளில் முதலில் பார்க்க வேண்டியது புருவக்கோடு. கண்ணுக்கு மேலே ஓடும் வெளிர் கோட்டுக்குத்தான் அந்தப் பெயர். அது இருக்கிறதா என்பதைவிட எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் முக்கியம்.

சுருக்கமாக: அலகு, வாய்ப்பிளவு, இறக்கை நீட்சி, வால் நுனி, கால் நீளம். இந்த ஐந்தையும் பார்த்து எழுதிய பிறகு நிறத்துக்கு வாருங்கள்.

கேமரா செய்யும் மாயம்

உருவ அளவைப் படத்திலிருந்து ஊகிப்பது ஆபத்து. தொலைநோக்கு லென்ஸ் தூரங்களை ஒன்றோடொன்று ஒட்டிக் காட்டும். பின்னால் நிற்பது முன்னால் நிற்பதற்குப் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். அதனால் சமமான இரண்டு பறவைகளில் ஒன்று பெரிதென்று நம்பிவிடுவோம். இரண்டும் ஒரே கிளையிலோ ஒரே நீர்க்கோட்டிலோ, இரண்டும் கூர்மையாக ஃபோகஸில் இருந்தால் மட்டும் ஒப்பிடலாம். குளிரில் இறகைப் புடைத்துக்கொண்ட பறவை உருண்டையாகத் தெரியும். வெயிலில் ஒட்டிக்கொண்டதோ ஒல்லியாக. பருமன் அடையாளமே இல்லை.

நண்பகலில் உப்பளம், மணல்வெளி, தார்ச்சாலைக்கு மேலே காற்று அலையாடும். அதன் ஊடாக எடுத்தால் அலகு தடித்தும் வளைந்தும் வரும். எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. விடியற்காலையில் எடுப்பதும் தூரத்தைக் குறைப்பதும்தான் வழி.

கைபேசிப் படங்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. கைபேசி பல நொடித்துண்டுப் படங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கும்போது, இடையில் அசைந்த இறக்கை இரட்டைக் கோடாகப் பதியலாம். அதை வெள்ளைப் பட்டை என்று எண்ணிவிடுவோம். டிஜிட்டல் ஜூமில் கூர்மையேற்றும்போது இல்லாத வரிகள் தோன்றுவதும் உண்டு. அதைவிடக் கேடு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படத்தைத் தெளிவாக்கும் மென்பொருட்கள். அவை மங்கிய இடத்தில் இறகுகளை ஊகித்து வரைகின்றன. அழகுக்குப் பரவாயில்லை. அடையாளத்துக்கு அந்தப் படம் செல்லாது, ஏனென்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பறவையின் இறகே இல்லை. மூலப்படத்தை எப்போதும் தனியாக வைத்திருங்கள்.

இடமும் தேதியும்: பாதி விடை இங்கே

கழித்தல் கணக்கில் அதிகம் கழிப்பது வரைபடம்தான். ஒரு நாட்டின் முழுப் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டலாம். அதில் ஒரு மாவட்டத்தின் சதுப்பில் டிசம்பரில் கரையோரப் பறவை என்று குறுக்கினால் இருபது முப்பதில் வந்து நிற்கும். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002இல் தொடங்கிய, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் தளத்தில், ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால் அங்கே எந்த இனம் எப்போது பதிவாகிறது என்று பட்டை வரைபடமாகக் காட்டும். ஒவ்வொரு மாதமும் நான்காகப் பிரித்திருக்கும். பயணம் போகும் முன்பே இதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

வழக்கத்துக்கு மாறாக ஒரு பறவை வழிதவறி வரவே வராதா என்றால், வரும். கூண்டிலிருந்து தப்பிப் பெருகியவையும் உண்டு. லண்டன் பூங்காக்களில் கத்தும் சிவப்பு வளையக் கிளிகள் அப்படிக் குடியேறியவைதான். ஆனால் அரிய பெயரைச் சொல்ல வேண்டுமானால், அங்கே சாதாரணமாக இருக்கும் ஒத்த இனங்கள் ஒவ்வொன்றையும் ஏன் கழித்தோம் என்று சொல்ல முடிய வேண்டும்.

இங்கே பயணிகள் தவறவிடும் சின்ன விஷயம் கேமராவின் கடிகாரம். கைபேசி வெளிநாட்டு நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும். கேமரா பெரும்பாலும் மாறாது. சில மணி நேர வேறுபாடு இருந்தால் காலையில் எடுத்த படம் முந்தைய நாளின் தேதியோடு பதிவாகிவிடும். இறங்கியதும் கைபேசியின் கடிகாரத் திரையைக் கேமராவால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எவ்வளவு வேறுபாடு என்பது அந்தப் படத்திலேயே இருக்கும். பிறகு மொத்தமாகத் திருத்திக்கொள்ளலாம். கேமராவில் ஜிபிஎஸ் இல்லாவிட்டால் ஒவ்வோர் இடத்திலும் கைபேசியால் ஒரு காட்சிப் படம் எடுத்தால் இடக்குறியீடு கிடைத்துவிடும். நேரம், இடம், கேமரா அமைப்பு ஆகியவை படத்தோடு ஒட்டியிருக்கும் தகவல் தொகுப்புக்கு எக்ஸிஃப் என்று பெயர். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இது உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் நிற்கும்.

ஒரு முழு எடுத்துக்காட்டு

தெற்காசியச் சதுப்பு ஒன்றில், டிசம்பரில், மைனா அளவில் பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக ஒரு கரையோரப் பறவை. வாலை ஆட்டிக்கொண்டு தனியாக நிற்கிறது. மூன்று படங்கள் கையில் இருக்கின்றன. இந்த இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்தும் முதல் மூவர்: காமன் சாண்ட்பைப்பர் என்ற உள்ளான், வுட் சாண்ட்பைப்பர் என்ற பொரி உள்ளான், கிரீன் சாண்ட்பைப்பர்.

முதல் படத்தில் பறவை பக்கவாட்டில் நிற்கிறது. உள்ளானாக இருந்தால் மார்பின் பழுப்புக்கும் மடித்த இறக்கைக்கும் நடுவே வெள்ளை ஆப்பு போல மேலேறியிருக்கும்; வாலும் இறக்கை நுனியைத் தாண்டி நீளும். இரண்டுமே இல்லை, எனவே அது கழிகிறது. இரண்டாவது படத்தில் முகம் தெரிகிறது. பொரி உள்ளானின் புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். கிரீன் சாண்ட்பைப்பருக்கு வெள்ளை கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். படத்தில் முன்னால் மட்டும் இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் தலை சற்றே திரும்பியிருக்கிறது. இதோடு முடிவு செய்தால் அது ஊகம்தான்.

மூன்றாவது, பறவை எழும்பியபோது பதிந்த கலங்கலான படம். பிட்டம் வெள்ளை. இது உதவாது, இருவருக்குமே வெள்ளைதான். ஆனால் தூக்கிய இறக்கையின் அடிப்பக்கம் தெரிகிறது, அது கருமையாக இருக்கிறது. பொரி உள்ளானுக்கு அடிப்பக்கம் வெளிர் நிறம். கிரீன் சாண்ட்பைப்பர் என்று உறுதியாக எழுதலாம். அழகான இரண்டு படங்களும் தராத விடையை அழிக்க இருந்த படம் தந்துவிட்டது. தூக்கிய இறக்கை நிழலில் இருந்ததால் கறுத்துத் தெரிகிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அதே நிழலில் வயிறு வெள்ளையாகத் தெரிந்தால் இறக்கையின் கருமை உண்மையானதே.

எடுக்கும்போதே யோசிப்பது

தூரத்திலிருந்தே முதல் படத்தை எடுத்துவிடுங்கள். கிட்டே போனபின் பறவை இல்லாமல் போகலாம். பிறகு பக்கவாட்டு, முன்புறம், முதுகு, வாலின் அடிப்பக்கம், விரித்த இறக்கை என்று கோணங்களைச் சேர்க்கலாம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி ஷட்டர் பொதுவாகப் போதும். தாவித் திரியும் குருவிக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000 வேண்டும். வெளுத்த வானத்தின் முன் பறக்கும் கருமையான பறவைக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூட்டுங்கள், இல்லாவிட்டால் அடிப்பக்கம் முழுக்க நிழலாகும். இருண்ட பின்னணியில் வெள்ளைக் கொக்குக்கு ஒரு ஸ்டாப் குறையுங்கள். வெளுத்து எரிந்துபோன வெள்ளையில் இறகின் விவரம் எதையும் பின்னால் மீட்க முடியாது. கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமித்தால் வொயிட் பேலன்ஸைப் பிறகு திருத்தலாம்.

ஒலியை மறக்க வேண்டாம். வட அமெரிக்காவின் ஆல்டர் ஈப்பிடிப்பான், வில்லோ ஈப்பிடிப்பான் இரண்டும் 1973 வரை ஒரே இனமாகவே கருதப்பட்டவை. தோற்றத்தில் அவ்வளவு நெருக்கம். பாட்டைக் கேட்டால்தான் நம்பகமாகப் பிரிக்க முடியும். கைபேசியில் முப்பது நொடி காணொளி, படம் கறுப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை, குரல் பதிந்தால் போதும்.

இறக்கையைப் பார்ப்பதற்காகப் பறவையை விரட்டி எழுப்புவது மட்டும் கூடாது. வலசை வந்த கரையோரப் பறவை இரை தின்னும் நேரத்தில்தான் அடுத்த பயணத்துக்கான கொழுப்பைச் சேர்க்கிறது. காத்திருந்தால் அது தானாகவே இறக்கையை நீட்டிச் சோம்பல் முறிக்கும். கூட்டருகே எடுத்த படங்களின் இடக்குறியீட்டைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

செயலி சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது

மெர்லின் போன்ற செயலிகள் ஏற்கெனவே பெயரிட்ட ஏராளமான படங்களில் பழகிய கணினி மாதிரிகள். உங்கள் படம் எந்த இனத்தின் படங்களோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று மதிப்பிட்டு, இடமும் தேதியும் கொடுத்தால் அங்கே வாய்ப்பில்லாதவற்றைப் பின்னுக்குத் தள்ளும். இடத்தைக் கொடுக்காமல் கேட்பது பாதி அறிவை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்பது. இளம்பறவை, இறகுதிரும் பறவை, விநோதக் கோணம் ஆகியவற்றின் படங்கள் குறைவாகவே இருப்பதால் அங்கே மாதிரி தடுமாறும். எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே பறவையின் மூன்று வெவ்வேறு படங்களைத் தனித்தனியாகக் கொடுங்கள். மூன்று முறையும் ஒரே பெயர் வந்தால் நம்பிக்கை கூடும். பெயர் மாறினால் வந்த பெயர்களையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கழிக்க வேண்டிய பட்டியல் அதுவே.

உயிரினப் படங்களைப் போட்டுப் பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டால் பதிவுக்குத் தரம் உயரும். ஆனால் முதலில் ஒருவர் சொன்ன பெயரை மற்றவர்கள் படத்தைப் பார்க்காமலே ஆமோதிப்பதும் நடக்கிறது. காரணத்தோடு மறுக்கும் ஒருவரின் குறிப்பு, காரணமில்லாத ஐந்து ஆமோதிப்புகளைவிட மதிப்பு மிக்கது.

எங்கே நிறுத்துவது

இனப்பெருக்கக் காலம் அல்லாதபோது சிவந்த கழுத்து ஸ்டின்ட், சிறிய ஸ்டின்ட் என்ற சின்னஞ்சிறு கரையோரப் பறவைகள் போன்ற இணைகளைச் சாதாரணப் படத்தில் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம். குளிர்கால உடையில் இந்தியக் குருட்டுக்கொக்கும் சீனக் குருட்டுக்கொக்கும் அப்படித்தான். அந்த நிலையில் இரண்டு பெயருக்கும் நடுவே சாய்கோடு போட்டு எழுதுவதும், குடும்பத்தின் பெயரோடு நிறுத்துவதும் முறையான பதிவுகளே. ஈபேர்ட் அதற்கென்றே தனிப் பதிவுப் பெயர்களை வைத்திருக்கிறது. தவறான இனப்பெயர் வரைபடத்தில் ஏறினால் அடுத்து வருபவர் அதை நம்பித் தன் கழித்தலைச் செய்வார். நேர்மையான சாய்கோடு யாரையும் தவறான வழிக்கு அனுப்பாது.

மற்றவர்களிடம் கேட்பதானால் வெட்டாத மூலப்படம் ஒன்று, பெரிதாக்கி வெட்டியது ஒன்று, வேறு கோணம் ஒன்று என மூன்றைக் கொடுங்கள். மேலே பார்த்த பறவை எழும்பிய படம் கிடைக்காமல் போயிருந்தால், கீழே இந்த அளவுக்கு எழுதினால் போதும்: "டிசம்பர் இரண்டாம் வாரம், காலை 7 மணி, நன்னீர்ச் சதுப்பு. மைனா அளவு, தனியாக. வாலை ஆட்டியது, குரல் பதிவாகவில்லை. வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறேன், வேறு திருத்தம் இல்லை. உள்ளானைக் கழித்துவிட்டேன், இறக்கைக்கு முன்னால் வெள்ளை ஆப்பு இல்லை. பொரி உள்ளானா, கிரீன் சாண்ட்பைப்பரா என்று தெரியவில்லை. புருவக்கோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்."